ஓமாவின் ஒன்பது ரீல்கள்: டேப்பை டிஜிட்டல் ஆக்கும் இரண்டு இடங்கள், என் அனுபவம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பிவிடலாம். பழைய ஒலிநாடாக்களை டிஜிட்டல் கோப்பாக மாற்றித் தரும் இரண்டு இடங்களில் ஒரே ஒன்பது ரீல்களைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்று, காலிப் பெட்டியை வீட்டுக்கு அனுப்பி, நாம் போட்டுக் கொடுப்பதை அஞ்சலில் வாங்கி, ஆறு வாரத்தில் பென் டிரைவாகத் திருப்பித் தரும் பெரிய நிறுவனம். அதற்கு ஒரு நட்சத்திரம். மற்றது, அமெரிக்காவின் மில்வாக்கி நகரத் தென்பகுதியில் ஒருவர் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் தனி ஆளாக நடத்துவது. அவருக்கு நாலரை. இரண்டின் பெயரையும் போடப்போவதில்லை. முதலாவதோடு வம்பு வேண்டாம். இரண்டாமவரோ, "ஏற்கெனவே எட்டு மாதத்துக்கு வேலை குவிந்து கிடக்கிறது, தயவுசெய்து விளம்பரம் செய்துவிடாதே" என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

இனி விவரம். விவரம் என்றால் முதலில் ஓமா.

ஓமா என்றால் ஜெர்மனில் பாட்டி. கல்யாணமான புதிதில் அம்மாவிடம் போனில் "ஓமா வந்திருக்காங்கம்மா" என்றபோது, "ஓமமா? யாருக்கு வயித்து வலி?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பெயர் ஓமவாட்டர் பாட்டி. என் மாமியாரைப் பெற்றவர். 1926-ல், அப்போது ஜெர்மனியில் இருந்த பொமரேனியாவில், ஸ்டோல்ப் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கிறது, பெயர் ஸ்வுப்ஸ்க். 1945 மார்ச்சில் சோவியத் செஞ்சேனை அங்கே நுழைந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை. அம்மா, தங்கை, ஒரு கைவண்டி. மேற்கே ஓடி ஓடி வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் ஒதுங்கினார்கள். அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் அப்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள். ஒரு பண்ணைவீட்டின் வைக்கோல் பரணில் குடித்தனம், அங்கேயே கல்யாணம், அங்கேயே என் மாமியார் பிறந்தது.

அகதிகளை அனுமதிக்க அமெரிக்கா 1948-ல் ஒரு சட்டம் போட்டது. 1950-ல் அதைத் திருத்தியபோது கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மானியர்களுக்கு அதில் கூடுதல் இடம் கிடைத்தது. அங்கே வேலையும் வீடும் உண்டு என்று அமெரிக்காவில் யாராவது உறுதி எழுதித் தரவேண்டும். விஸ்கான்சினில் இருந்த ஒரு லூத்தரன் சபை எழுதித் தந்தது. 1952-ல் மூன்று வயதுப் பெண்ணோடு பிரேமர்ஹாபன் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். எழுபது லட்சம் பேருக்கு மேல் புதிய உலகத்துக்குப் போன துறைமுகம் அது. கப்பல் நகரும்போது கரையில் "மூஸ் இ டென்" பாட்டை வாசிப்பது அங்கே வழக்கம். ஊரை விட்டுப் போகிறவன் காதலியிடம் விடைபெறும் பாட்டு. அந்தக் கரையில் ஓமா அழவில்லையாம். "அது தெற்கே ஸ்வாபியாக்காரங்க பாட்டு, நான் பொமரேனியாக்காரி, எனக்கு எதுக்கு அழுகை வரணும்?" என்பார். எட்டு வருடம் கழித்து, 1960-ல், எல்விஸ் பிரெஸ்லி அதே மெட்டில் ஆங்கிலப் பாட்டொன்றைப் பாடி, மில்வாக்கி ரேடியோவில் அது ஓடியபோதுதான் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாராம். அழுது முடித்ததும் "திருட்டுப் பயல்" என்று திட்டினாராம். மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை இது.

மில்வாக்கிக்கு ஒரு காலத்தில் ஜெர்மன் ஏதென்ஸ் என்று பெயர். பாட்டுச் சங்கங்களுக்குப் பேர்போன ஊர். முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மன் மொழிக்கே இங்கே ஆகாத காலம் வந்து, சங்கங்கள் பல வாடிப்போயின. ஓமா மாதிரி போருக்குப் பிறகு வந்தவர்கள்தான் அவற்றுக்குக் கொஞ்சம் ரத்தம் ஊற்றினார்கள். தாத்தாவுக்கு, அதாவது ஓபாவுக்கு, வெஸ்ட் ஆலிஸில் டிராக்டர் செய்யும் ஆலிஸ்-சால்மர்ஸ் ஆலையில் வேலை. ஓமா பகலில் தோல் கையுறை தைத்தார். செவ்வாய்க்கிழமை இரவு டாமென்கோர், பெண்கள் பாட்டுக்குழு. ஓபாவுக்குக் காய்ச்சல் வந்த செவ்வாய்க்கிழமைகளிலும் டாமென்கோர்தான்.

ஓமா ஆல்ட்டோ. இதை நான் புரிந்துகொள்ள மூன்று வருடம் ஆனது. எனக்குத் தெரிந்த சங்கீதத்தில் ஒரு பாட்டு என்றால் ஒரு மெட்டு. நாலு பேர் சேர்ந்து பாடினாலும் நாலு பேரும் அதே ஸ்வரம்தான். இவர்கள் குழுவில் உச்சக்குரல் மெட்டைப் பாடும். ஆல்ட்டோ அதற்குக் கீழே வேறொரு வரியைப் பாடும். ஓமாவுக்கு முப்பது வருடமாக அந்தக் கீழ்வரிதான் பழக்கம். வீட்டில் உருளைக்கிழங்கு தோல் சீவும்போதும், துணி மடிக்கும்போதும், தனியாகப் பாடும்போதும் அவர் பாடுவது அதே கீழ்வரி. மெட்டைப் பாடவே மாட்டார். மெட்டு அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும், நமக்குக் கேட்காது. விளைவு, அவர் பேரன் பேத்திகள் அத்தனை பேருக்கும் ஜெர்மன் பாட்டு எல்லாம் தப்பாகத்தான் தெரியும். என் கணவர் எங்கள் மகளைத் தூங்கவைக்கப் பாடும் நிலாப்பாட்டு ஒன்று உண்டு. மத்தியாஸ் கிளாடியுஸ் எழுதியது, 1779-ல் அச்சானது. ஜெர்மன் பேசும் குழந்தைகள் அதைக் கேட்டுத்தான் தூங்குவார்கள். முதல்முறை அவர் பாடக் கேட்டபோது இதென்ன, ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டு நொண்டுகிறதே என்று நினைத்தேன். பாவம் மனுஷனுக்குக் காது இல்லை என்று முடிவுகட்டி, பல வருடம் அனுதாபத்தோடு கேட்டுவந்தேன்.

2016-ல் ஓமா போனார், தொண்ணூறாவது வயதில். வீட்டை விற்பதற்காகக் காலி செய்தபோது, பேஸ்மென்ட்டில் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு வோலன்சாக் டேப் ரெக்கார்டர் கிடைத்தது. கையில் தூக்கிப் போகலாம் என்று விற்றிருக்கிறார்கள். தூக்கியவருக்குத் தோள்பட்டை இறங்கிவிடும். அதோடு ஒன்பது ரீல்கள், ஒரு கனமான இரும்புப் பெட்டி. ரீல் அட்டைகளில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. கல்லூரியில் ஜெர்மன் படித்த என் கணவரால் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. அது சுட்டர்லின். 1915-ல் பிரஷ்யப் பள்ளிகளில் வந்து, 1941-ல் ஒழிக்கப்பட்ட கையெழுத்து முறை. ஓமாவின் தலைமுறை அதில்தான் எழுதப் படித்தது. எனக்கு இது ஒன்றும் அதிசயமாகத் தெரியவில்லை. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய என் பாட்டி கடிதங்களில் தும்பிக்கை வைத்த லையையும் னையையும் பார்த்துவிட்டு என் தங்கை மகன் "இது மலையாளமா?" என்று கேட்டவன்தானே.

முதல் நிறுவனத்துக்கு வருவோம். சீக்கிரம் முடித்துவிடுகிறேன், எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ரீலுக்கு 32 டாலர், அஞ்சல் தனி, மொத்தம் 312. அவர்கள் பக்கத்தில் "இசை மெருகூட்டல்" என்று ஒரு கட்டம் இருந்தது. கூடுதல் கட்டணம் இல்லை என்றதும் டிக் அடித்தேன். அந்தத் தப்பு முழுக்க என்னுடையது. நுணுக்கி எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன்: இரைச்சல் நீக்கம், மின் ரீங்காரம் நீக்கம், மூன்று வினாடிக்கு மேற்பட்ட மௌனத்தை வெட்டுதல், பாட்டுக்கு நடுவே பேச்சு இருந்தால் அதையும் வெட்டுதல். பென் டிரைவில் ஒன்பது எம்பி3 கோப்புகள். பெயர்கள் "அறியப்படாதது 1" முதல் "அறியப்படாதது 9" வரை. இரண்டாவது ரீலில் இடது காதில் ஓமா பாடுகிறார், வலது காதில் யாரோ தலைகீழாகப் பாடுகிறார்கள். நாடாவின் பாதி அகலத்தில் ஒரு பக்கம், மறுபாதியில் எதிர்த்திசையில் இன்னொரு பக்கம் என்று பதிவான நாடா அது. அதைப் பார்க்காமல் இரண்டையும் ஒன்றாக ஓட்டி, ஸ்டீரியோ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பாட்டுகள் எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன. மூச்சு இழுக்கும் ஓசைகூட இல்லாத சுத்தம். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி.

ஏழாவது ரீல் மட்டும் வேறு மாதிரி. அதில் இரண்டு சின்னப் பெண்கள் கீச்சுக்குரலில் தடதடவென்று பாடினார்கள். யாரென்று தெரியவில்லை. "அம்மா சின்ன வயசுல பதிவு பண்ணினதா இருக்குமோ?" என்று மாமியாரே குழம்பினார். 1930-களின் பொமரேனியக் கிராமத்தில் யார் வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்திருக்கும்? புகார் எழுதினேன். "மூலப் பதிவின் தரத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பதில் வந்தது. ஒரு நட்சத்திரமும் எதற்கு என்று கேட்பீர்கள். ரீல்களை உடைக்காமல் திருப்பி அனுப்பினார்களே, அதற்கு.

இரண்டாவது இடம். நூலகத்தில் வேலைபார்க்கும் தோழி ஒருத்தி சொல்லிக் கண்டுபிடித்தேன். எழுபதைத் தாண்டியவர், வானொலி நிலையத்தில் ஒலிப்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேஸ்மென்ட் முழுக்கச் சுழலும் சக்கரங்கள், ஒரு பூனை. நான் முதலில் கொடுத்த பென் டிரைவை அவர் செருகக்கூட இல்லை. "ரீலைக் கொடு" என்றார். ஒவ்வொன்றையும் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவினால் நாடா அசிட்டேட் என்ற பிளாஸ்டிக், ஊடுருவாவிட்டால் பாலியெஸ்டர். பிறகு மோந்து பார்த்தார். அசிட்டேட் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்குமாம். எங்கள் ரீல்களில் ஐந்து அசிட்டேட், ஒன்றில் மட்டும் லேசான ஊறுகாய் வாசம். "அசிட்டேட் அறுந்தால் நூல் மாதிரி வெட்டுப்பட்டு அறும், ஒட்டிவிடலாம். பாலியெஸ்டர் இழுபட்டு நீளும், அப்புறம் அந்தக் குரலை யாராலும் மீட்க முடியாது" என்றார். டேப்பை அடுப்பில் வைத்துச் சுடவேண்டும் என்று இணையத்தில் படித்திருந்ததைக் கேட்டேன். அது 1970, 80-களில் வந்த சில வகை நாடாக்களுக்கு, ஒட்டுப்பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போவதால் செய்யும் வைத்தியம். அசிட்டேட்டைச் சுட்டால் அதோடு அதன் கதை முடிந்தது என்றார். வீட்டில் பழைய ரீல் வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் முறையே வேறு. முதலில் நாடாவில் இருப்பதை இருக்கிறபடியே, எந்தத் திருத்தமும் இல்லாமல், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற உயர்தரக் கோப்பாக எடுத்துவிடுவார். அது பெட்டகத்துக்கு. கேட்பதற்கு ஒரு நகல் வேண்டுமானால் அதிலிருந்து செய்வார், அதிலும் கை வைப்பது மிகக் குறைவு. "உன் பாட்டி வீட்டு ஃபிரிட்ஜ் சத்தத்தை எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "நல்ல பிள்ளை" என்றார். பரீட்சை வைத்திருக்கிறார் மனுஷன்.

ஏழாம் ரீலைப் பற்றிச் சொன்னதும் போட்டுப் பார்த்தார். அதே கீச்சுக்குரல். திரையில் ஒலியைப் பிரித்துக் காட்டும் படத்தில் அடியில் ஒரு மெல்லிய கோடு. வினாடிக்கு 60 அதிர்வு. அமெரிக்க மின்சாரத்தின் ரீங்காரம் அது. இங்கே எந்தப் பழைய பதிவின் அடியிலும் அது ஓடிக்கொண்டிருக்கும். டேப் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்க அவர்களுக்கு அதுதான் அளவுகோல். "60 இருக்கிறது. வேகம் சரி. அப்படியென்றால் இவர்கள் குழந்தைகள்தான்" என்றார். ஆனால் முகத்தில் சந்தேகம். பதிவின் பின்னணியில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, மூச்சிரைக்க ஓடுகிற மாதிரி.

அப்போதுதான் மேசைமேல் இருந்த இரும்புப் பெட்டி அவர் கண்ணில் பட்டது. மெஷினின் ஏதோ பாகம் என்று நினைத்து நான் அதையும் தூக்கி வந்திருந்தேன். திருப்பிப் பார்த்தார். 220 வோல்ட்டிலிருந்து 110-க்கு மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர். "இதை ஏன் வைத்திருந்தார்? உன் பாட்டி மெஷினைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பா போனாரா?"

போனார். 1968-ல், அமெரிக்கா வந்து பதினாறு வருடம் கழித்து முதல் பயணம், லூபெக் நகரில் தங்கையைப் பார்க்க. குளிர்கால கோட்டில் சுற்றி அந்த மெஷினைக் கொண்டுபோன கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் அதை இந்த ரீலோடு முடிச்சுப் போடத் தோன்றவில்லை.

அவர் சிரித்த சிரிப்பில் பூனை எழுந்து போய்விட்டது. விஷயம் இதுதான். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. ஜெர்மனியில் மின்சாரம் வினாடிக்கு 50 அதிர்வு. அந்த வோலன்சாக்கின் மோட்டார் 60-ஐ நம்பிச் சுழல்வது. 50 கொடுத்தால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். மெதுவாக ஓடும் நாடாவில் பதிந்ததை இங்கே முழு வேகத்தில் ஓட்டினால் எல்லாம் இருபது சதவீதம் விரைந்துவிடும். நம் கணக்கில் சொன்னால் ஒரு கட்டை சுருதி இரண்டரைக் கட்டையாகிவிடும், ஷட்ஜம் போய் சாதாரண காந்தாரத்தில் உட்கார்ந்துவிடும். நாற்பத்திரண்டு வயது ஆல்ட்டோ பத்து வயதுச் சிறுமியாவாள். அங்கத்திய 50 ரீங்காரமும் அதே கணக்கில் ஏறி, இங்கே வந்து 60 என்று பொய் சொல்லும். அதுதான் அவரையே ஏமாற்றியது. முதல் நிறுவனமோ அந்தக் கோட்டையே துடைத்துவிட்டிருந்தது.

ஆறில் ஐந்துக்குக் குறைத்தார். கோடு இறங்கி 50-ல் நின்றது. கடிகாரம் மூச்சிரைப்பதை நிறுத்தி நடக்க ஆரம்பித்தது. ஓமா பாடினார்.

64 நிமிடம் ஓடிய அந்தப் பக்கம் 77 நிமிடமாக நீண்டது. அதை அவர் சொன்னபோது நான் கணக்கில் புலி மாதிரி தலையாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த 77 நிமிடத்தில் நிலாப்பாட்டு வருகிறது. ஓமா தன் கீழ்வரியை ஆரம்பிக்கிறார், என் கணவர் பாடும் அதே நொண்டல். அரை வரி போனதும் மேலே தங்கையின் குரல் மெட்டோடு வந்து உட்காருகிறது. நான் வீட்டுக்குப் போய் அன்றிரவு கணவர் மகளுக்குப் பாடும்போது, அறைக்கு வெளியே நின்று போனில் தங்கையின் குரலை ஓட்டினேன். பொருந்திப்போனது. அவர் பாதியில் நிறுத்திவிட்டார். மகள் "ஏன் நிறுத்தினே?" என்று கத்தினாள். அவர் காதைப் பற்றி நான் இத்தனை வருடம் மனதுக்குள் வைத்திருந்த அபிப்பிராயத்தை அன்றைக்கு வாபஸ் வாங்கினேன். அவரிடம் சொல்லவில்லை, இதைப் படிக்க அவருக்குத் தமிழ் தெரியாது.

அந்த நிலாப்பாட்டுக்குச் சற்று முன்னால் இன்னொன்று இருக்கிறது. பாட்டுகளுக்கு நடுவே அக்காவும் தங்கையும் பிளாட் பேசுகிறார்கள், வடக்குக் கடலோரத்து நாட்டுப்புற ஜெர்மன். கல்லூரி ஜெர்மன் அதற்கு உதவாது. மாமியாருக்குப் பாதி புரிந்தது. ஓபாவும் ஓமாவும் பெண்ணுக்குத் தெரியக்கூடாத விஷயங்களை அதில்தான் பேசுவார்களாம். மீதிக்கு ஃப்ரைஸ்டாட் பக்கத்து முதியவர் ஒருவரைப் பிடித்தோம். மில்வாக்கிக்கு வடக்கே, 1839-ல் பொமரேனியாவிலிருந்து வந்த லூத்தரன்கள் அமைத்த குடியிருப்பு அது. அந்தப் பக்கத்துப் பண்ணைவீடுகளில் பல தலைமுறைக்கு அந்தப் பேச்சு உயிரோடு இருந்தது. ஓமா 1952-ல் வந்த புதிதில், பால் கேனோடு நின்ற ஒரு அமெரிக்க விவசாயி தன் பாட்டன் ஊர்ப் பேச்சைப் பேசுவதைக் கேட்டு, தான் கப்பலேறியதே கனவோ என்று நினைத்தாராம். நாங்கள் பிடித்த முதியவர் விஸ்கான்சினை விட்டு வெளியே போனதே இரண்டு முறைதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வரிவரியாகச் சொன்னார்.

தங்கை ஒரு மெட்டை முணுமுணுக்கிறார். நிமிர்ந்து நடக்கச் சொல்கிற மாதிரியான மெட்டு. ஒரு வரி வார்த்தையோடும் வருகிறது. உடனே ஓமா: "நே, டாட் நிஷ்." வேண்டாம், அது வேண்டாம்.

தங்கை: "மெட்டு என்ன பாவம் செய்தது?"

ஓமா: "அதை நான் பாடுறதில்லை இப்போ."

பிறகு பதினொரு வினாடி யாரும் பேசவில்லை. கடிகாரம் கேட்கிறது, கோப்பையைத் தட்டில் வைக்கும் ஓசை கேட்கிறது. அதன் பிறகுதான் ஓமா, மெட்டு இல்லாமல், தன் கீழ்வரியில், நிலாவை ஆரம்பிக்கிறார்.

அது எந்த வகைப் பாட்டு என்று முதியவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. 1936-ல் ஓமாவுக்குப் பத்து வயது. ஜெர்மனியில் அந்த வயதுப் பெண்பிள்ளைகளை இழுத்துக்கொள்ள நாஜிகளின் சிறுமியர் சங்கம் காத்திருந்த காலம். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடுவதும் அணிவகுத்துப் பாடுவதும் அங்கே பெரிய வேலை. ஒருமுறை, ஒரே ஒருமுறை, மூன்று மணிக் காபியின்போது நான் கேட்டதற்கு, "பாட்டுக்காகத்தான் போனேன். நல்லாப் பாடுவாங்க" என்று சொல்லிவிட்டு, கேக்கை இன்னொரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்தார். மேலே கேட்கக்கூடாது என்பதற்கு அவர் வீட்டில் கேக்தான் அடையாளம். மூன்று சொல்லை வைத்து ஓமாவை நான் தியாகியாக்கப் போவதில்லை. அந்த வருடங்களில் எதைப் பார்த்தார், எதைப் பார்க்காதமாதிரி நடந்தார் என்று எங்கள் யாரிடமும் அவர் சொன்னதில்லை. ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதைத் தூக்கிவந்ததே அவர்தான். அந்த இடத்தை அழித்துவிட்டு மேலே பதிந்திருக்கலாம். பதியவில்லை.

முதல் நிறுவனத்தின் கோப்பில் முந்தைய பாட்டு முடிந்த கையோடு நிலா எழுந்துவிடுகிறது. நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை.

இனி நடைமுறை விஷயங்கள். பேஸ்மென்ட்காரர் வாங்குவது வேலைநேரத்துக்கு மணிக்கு 70 டாலர். ஏழாம் ரீலுக்கு மட்டும் நாலு மணி நேரம் ஆனது, 280 டாலர். முதல் இடத்தில் ஒன்பது ரீலுக்கும் கொடுத்ததில் பெரும்பகுதி ஒரே ரீலுக்குப் போய்விட்டது. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், நான் பார்த்துவிட்டு ஒரு வாரம் தூங்கவில்லை. அதனால் ஒன்பதையும் ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. வினிகர் வாடை அடித்ததை முதலில், ஏழாவதை அடுத்து, மற்றவற்றைக் கையில் காசு சேரச் சேர. இதுவரை ஆறு முடிந்திருக்கிறது. எல்லோருக்கும் இவ்வளவு செலவு தேவையில்லை. கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டை மாற்றுவதற்கு மலிவான இடமே போதும், அந்தப் பாட்டு வேறு எங்காவது கிடைக்கும். வீட்டு ஆட்கள் பேசிய டேப் என்றால் எந்தக் கடையாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: திருத்தம் செய்யாத மூலக் கோப்பைத் தருவீர்களா, மௌனத்தை வெட்டுவீர்களா, நாடாவில் எத்தனை தடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவீர்களா. இரண்டாவது கேள்விக்கு "அது இலவசச் சேவை" என்று பதில் வந்தால் ரீலை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எந்த நாட்டில், எந்த மெஷினில் பதிந்தது என்று தெரிந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள். மெஷினோடு கிடந்த எந்த இரும்புத்துண்டையும் குப்பையில் போடாதீர்கள்.

அரை நட்சத்திரம் குறைந்ததற்குக் காரணங்கள்: எட்டு மாதக் காத்திருப்பு, மின்னஞ்சலுக்குப் பதில் போடும் வழக்கம் அவரிடம் இல்லை, ரசீதைக் கையால் எழுதித் தருகிறார், அது சுட்டர்லினைவிட மோசம். மூன்றாம் ரீலின் அட்டைப்பெட்டிக்குள் பூனைமுடி இருந்தது. நாடாவில் இல்லை, பெட்டியில்தான். இருந்தாலும்.

வோலன்சாக்கை அவர் விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மரையும் கேட்டார். அது இப்போது மாமியார் வீட்டுச் சமையலறைக் கதவு மூடாமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது.

விஸ்கான்சின் பக்கம் இருந்து யாராவது உண்மையிலேயே தேவைப்பட்டுக் கேட்டால், அவரிடம் அனுமதி வாங்கிவிட்டு விவரம் தருகிறேன். போகிறவர்கள் கவனத்துக்கு: வீட்டின் பின்பக்கம் இறங்கவேண்டும், படியில் வெளிச்சம் போதாது. அழைப்பு மணி வேலை செய்யாது. கதவைத் தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். உள்ளே அவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யார் வீட்டுப் பாட்டியையாவது கேட்டுக்கொண்டிருப்பார்.